பொருந்தாததை அடிக்கவும்

அன்பு மகனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலும் அதன் பிடிவாதமும்கூட வழக்கம்போலச் சுகமே. அங்கே நீயும் மருமகளும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன தடவை வந்தபோது நீ இறுக்கிவிட்டுப் போன குளியலறைக் குழாய் இப்போது சொட்டுவதில்லை, அதற்குப் பதிலாகச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது. எதற்குக் கடிதம், போன் இல்லையா என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் சரிம்மா மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். அஞ்சாவதோடு நின்ற கையெழுத்து, கொஞ்சம் கோணலாகத்தான் போகும், பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. உன் பிள்ளை செய்தி பேப்பரில் வந்து பதினெட்டு நாள் கழித்து உன்னிடமிருந்து ஒரே வரி வந்தது, ஊர்ல என்ன பேசிக்கறாங்க என்று. அவன் எப்படி இருக்கிறான் என்று நீ கேட்கவில்லை. சரி, கேட்டதற்குத்தானே பதில், ஊர் பேசியதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பேப்பரில் நீ பார்த்தது பாதிதான். இருபது கிலோமீட்டர் நடைப் போட்டியில் உன் பிள்ளை இரண்டாவதாக வந்தான் அல்லவா, முதலாவதாக வந்தவனுக்குக் கால் நீளம், அது வேறு விஷயம். நிருபர் ஒருத்தர் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு, போகிற போக்கில் கல்யாணம் எப்ப தம்பி என்று கேட்டிருக்கிறார். இவன் மூச்சு வாங்கிக்கொண்டே, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வந்ததே இல்ல சார், நான் விரும்பறது ஒரு பையனைத்தான், அதோ தண்ணி பாட்டிலோட நிக்கறாரே அவர்தான் என்று சொல்லிவிட்டான். மறுநாள் மூன்றாம் பக்கத்தில் இடுப்பு ஒரு பக்கம் தோள் ஒரு பக்கமாகப் பெரிய படம். எனக்கு அதற்கு ஒரு வாரம் முந்தியே தெரியும். வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், பாட்டி, ஒண்ணு சொல்லணும், கையில இருக்கற கத்தியைக் கீழ வை என்றான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வைத்தேன், சொன்னான். நான் கேட்ட முதல் கேள்வி, இதனால வேகம் குறையுமாடா என்பது. அவன் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்து தண்ணீரெல்லாம் தரையில். ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டேனே தவிர, உள்ளதைச் சொன்னால் எனக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் வளையல் ஜோடியை அவனுக்கு வரப்போகிறவளுக்கென்று எடுத்துவைத்திருந்தது உனக்கே தெரியும். மூன்றாம் நாள் அந்தப் பையன் வந்தான், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். வந்தவன் வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, வளைந்த காம்பை நிமிர்த்தி, சட்டையில் துடைத்து மாட்டிவிட்டான். ஆறு மாதமாக மங்கலாக இருந்த உன் அப்பா படம் பளிச்சென்று தெரிந்தது, அவர் முகத்திலும் கோபம் ஒன்றும் இல்லை. வளையல் அவன் கைக்கு நுழையாது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சின்னவளுக்கு ஆகட்டும்.

இனி ஊர். முதல் நாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எல்லாரும் நம் வாசல் வழியாகவே போனார்கள், கடைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள்கூட இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் முடிவெட்டுகிறவர் வந்தார். எனக்கு அப்பவே தெரியும்மா, பத்து வருஷமா அந்தத் தலை என் கையிலதான இருக்கு என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்த இஸ்திரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. தலையில என்னத்தத் தெரியும், எனக்குத் துணியில தெரிஞ்சுது, சட்டையெல்லாம் மடிச்சுக் குடுத்தனுப்புவானே, எந்த ஆம்பளப் பையன் மடிச்சுக் குடுக்கறான் சொல்லுங்க என்றார். மடித்துக் கொடுத்தது நான். அதைச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. முதலில் கண்டுபிடித்தது யார் என்று இரண்டு பேருக்கும் வாய் முற்றி, இன்று வரை பேச்சுவார்த்தை கிடையாது. இஸ்திரிக்காரர் காது மூடுகிற அளவுக்கு முடி வளர்த்துக்கொண்டு திரிகிறார், முடிவெட்டுகிறவர் கசங்கின சட்டையோடு திரிகிறார், நம் வீட்டுச் செய்தியால் கெட்டுப்போனது என்று பார்த்தால் அவர்கள் இரண்டு பேருடைய தோற்றம்தான்.

அதைவிடப் பெரிய கூத்து நடைக் குழுவில். நீ இருந்தபோது இது இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரிட்டையரான பேங்க் மேனேஜருக்கு இடுப்புவலி வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, அவர் உன் பிள்ளையின் கோச்சிடம் போய் அந்த நடையைக் கற்றுக்கொண்டார். கோச்சை இங்கே எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள், சாப்பிடும்போது மட்டும்தான் அவர் வாயில் விசில் இருக்காது. மேனேஜரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். காலை ஆறு மணிக்குப் பதினொரு பேரும் இடுப்பை வெட்டி வெட்டிப் பால் பூத் வழியாகப் போவார்கள், வலியெல்லாம் போய்விட்டது என்று பெருமை வேறு. பேப்பர் வந்த நாலாம் நாள் மேனேஜர் பால் பூத்தில் எல்லார் முன்னாலும், அந்த நடையைப் பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவருக்குப் பாதி வாக்கியத்திலேயே தானும் ரெண்டு வருஷமாக அதே நடைதான் நடக்கிறோம் என்று உறைத்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மறுநாளிலிருந்து பதினொரு பேரும் மரப்பலகையை முதுகில் கட்டினதுபோல விறைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரே வாரம், ஒருத்தர் பாக்கியில்லாமல் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட நடக்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்று ஒவ்வொருத்தரும் தனித்தனியாகக் குடோனுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குப் போய்ப் பழைய நடையை நடந்து பார்த்திருக்கிறார்கள். சந்து ஒன்றுதானே இருக்கிறது, பதினொரு பேரும் அங்கேயே சந்தித்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லையாம். இப்போது மறுபடி பால் பூத் வழியாகவே போகிறார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மேனேஜர் நடையைப் பற்றிப் பேசினார் என்று தெரிந்ததும் பால் பூத்துக்கே போய் அவரைப் பிடித்தேன். ஒரு கால் எப்பவும் தரையில இருக்கணும், முன்னால வைக்கற கால் முட்டி மடங்கக் கூடாது, இது ரெண்டும் சட்டம், அப்படி நடந்தா இடுப்பு ஆடாம என்ன செய்யும், முதல் பரிசு வாங்கினவனும் அப்படித்தான் நடந்தான், அவனுக்கு மூணு பிள்ளைங்க என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை, அந்த நடை அவனுக்கு அவங்க அப்பன்கிட்ட இருந்து வந்தது என்றும் சொல்லிவிட்டேன். பொய்யா. உன் பள்ளிக்கூட வராந்தாவில் ஓடினால் முட்டி போட வைப்பார்கள், பிந்தினாலும் முட்டிதான். நீயோ மணி அடித்த பிறகுதான் செருப்பைத் தேடுவாய். ஓடாமலும் பிந்தாமலும் போவதற்கு நீயாகக் கண்டுபிடித்த நடை அது. பிறகு உன் பிள்ளையை அதே பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாய், அவனும் செருப்பு தேடுகிற ஜாதி, அப்பனும் பிள்ளையும் அந்த வராந்தாவில் இடுப்பை ஆட்டிக்கொண்டு போவதை நான் கேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது ஊர் உன்னைப் பற்றியும் பேசுகிறது. நீ கேட்டாயே என்று சொல்கிறேன். உனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள் இருப்பதை எடுத்துச் சொன்னேன், மேனேஜர் தலையை ஆட்டினார், நம்பினாரா தெரியாது.

எல்லாமே சிரிப்பதற்கு இல்லை. விசிலிடம் பயிற்சிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளில் மூன்று பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். உன் பிள்ளை அந்த மூன்று ஜோடி ஷூவையும் துடைத்து அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டு வந்தான், வந்து சாப்பிட்டதும் படுத்துவிட்டான். இரண்டு பிள்ளைகள் வீட்டில் அழுது அடம்பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவது ஜோடி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அதையும் இவன் தினமும் துடைக்கிறான்.

பிறகு விளையாட்டுச் சங்கம். அதன் செயலாளருக்கு ரப்பர் ஸ்டாம்பு என்று பெயர், தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகைக்கே பெறப்பட்டது என்று முத்திரை குத்தி ஃபைலில் வைக்கிறவர். ஊரில் எந்த வீட்டில் எது நடந்தாலும் சங்கத்திலிருந்து ஒரு தாள் வரும். கல்யாணத்துக்கு ஒன்று சாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக அச்சடிப்பானேன் என்று அவர் ஒரே தாளாக அடித்து வைத்திருக்கிறார். தங்கள் இல்லத்துச் செய்தி அறிந்து சங்கம் மகிழ்ச்சி, ஒரு கோடு, வருத்தம் அடைகிறது, அதற்குக் கீழே பொருந்தாததை அடிக்கவும். நம் வீட்டுச் செய்திக்கு எதை அடிப்பது என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம். மெடலுக்காக மகிழ்ச்சி, மத்ததுக்காக வருத்தம்னு ரெண்டு தாளா அனுப்பலாமே என்றாராம் ஒருத்தர். வருத்தப்படறதுக்கு இதுல யாரு செத்தாங்க என்று விசில் எழுந்து கேட்டாராம், கேட்டுவிட்டு வாயில் இருந்ததை ஊதியும் விட்டாராம், அதில் கூட்டம் முடிந்துவிட்டது என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் ரப்பர் ஸ்டாம்புவே ஒரு வழி கண்டுபிடித்தார். எதையும் அடிக்காமல் ரெண்டு தாளும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து, நீங்களே அடிச்சுக் குடுத்துருங்கம்மா, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்க ஃபைலுக்கு என்றார். நான் வருத்தத்தை அடித்த அடியில் தாள் கிழிந்தது. அதை அவர் ஃபைலுக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றில் கை வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருவையே சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி இங்கே ஒரு போட்டி வைத்தார்கள். உன் பிள்ளை முதலாவதாக வந்தான், இந்தத் தடவை கால் நீளமானவன் யாரும் வரவில்லை, வந்திருந்தாலும் பின்னால்தான் வந்திருப்பான். கண்ணாடிக்காரப் பையனுக்கு நடையில் இவனோடு ஈடு கொடுக்க முடியாது, சைக்கிளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓரமாகவே வந்தான். பதினொரு பேரும் பால் பூத் முன்னால் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கை தட்டினார்கள், மேனேஜர் மட்டும் தட்டிவிட்டு, யார் தட்டியது என்று பார்க்கிறவர்போலத் திரும்பிக்கொண்டார். போட்டி முடிந்ததும் உன் பிள்ளை தண்ணீர் கேட்கவில்லை, மெடல் கேட்கவில்லை, பையிலிருந்து போனை எடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போன தடவையும் இப்படித்தான் ஆன்ட்டி, அப்பா கூப்பிட்டாரான்னுதான் முதல்ல பாப்பான் என்று அந்தப் பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். என்னை அவன் ஆன்ட்டி என்கிறான், அதையும் நான் திருத்தவில்லை.

பன்னிரண்டு வயதில் முதல் போட்டி நடந்த நாளிலிருந்து அவன் எத்தனை நிமிஷத்தில் முடித்தான் என்பதை முதலில் சொல்வது உன்னிடம்தான். நீ எங்கே இருந்தாலும் போன் பண்ணி எத்தனை நிமிஷம்டா என்பாய், அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்கெல்லாம் சொல்வான். இப்போது இரண்டு போட்டியின் நிமிஷமும் அவன் வாயிலேயே கிடக்கிறது. பலகையில் எழுதித்தான் போட்டார்கள், ஊரே பார்த்தது. நான் பார்க்கவில்லை. பலகைப் பக்கம் போகும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், நீ கேட்பதற்கு முன்னால் நான் தெரிந்துகொள்வது முறையில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி உங்க பேரன் எவ்வளவு நேரத்துல முடிச்சான் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன், என்னைப்போலப் பெருமைக்காரிக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. மருமகள் வாரம் இரண்டு தடவை அவனிடம் பேசுகிறாள், உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவளிடமும் அவன் நிமிஷத்தைச் சொல்லவில்லை.

ஊர் பேசினதெல்லாம் எழுதிவிட்டேன், இனி எழுத ஒன்றும் பாக்கியில்லை, நீ பேசவேண்டியதைத் தவிர. அந்த இன்னொரு தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நான் ஒரு கோடும் போடவில்லை. நீயே ஒன்றை அடித்துக் கையெழுத்துப் போட்டு உன் பிள்ளை பெயருக்கு அனுப்பு. எதை அடித்தாலும் அவன் வாங்கிக்கொள்வான், ஒன்றும் அடிக்காமல் வைத்திருக்கிறாயே, அதைத்தான் அவனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கடிதம் எழுத வராது என்று சொல்லாதே. கையெழுத்துக்கு மேலே விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதில் எத்தனை நிமிஷம் என்று ரெண்டு வார்த்தை மட்டும் எழுது. அல்லது தாளை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடு, அவன் இங்கே சாயங்காலம் ஆறு மணிக்குமேல் சும்மாதான் இருப்பான்.

நீயும் மருமகளும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், சமையலறைக் குழாய்க்கு எந்த அளவு வாஷர் என்று எழுது.

இப்படிக்கு,
நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுத நினைத்து உட்கார்ந்த
உன் அம்மா