தொடாமலே பேசின கம்ப்யூட்டர்

சங்கரன்கோவில்
வியாழக்கிழமை

பிரியமுள்ள மகள் பிளஸ்ஸிக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் கிருபையில அப்பாவும் நானும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், மனசுக்கும் அப்படித்தான்னு எழுத கை வரலை. நீயும் மருமகன் ரூபஸும் சுகமா இருக்கணும்னு தெனமும் முழங்கால் போட்டுக் கேக்கேன். போன்ல பேசுத அம்மா என்ன திடீர்னு பேனாவைத் தூக்கிட்டான்னு நெனைப்ப. போன்ல சொல்லவே பயமா இருக்கு மக்கா, யாரு கேக்காங்க யாரு பார்க்காங்கன்னு இப்பல்லாம் தெரியலை, அதான் தபால்ல போடுதேன். அப்பா உன்கிட்ட பாதிதான் சொல்லியிருக்காங்க. முழுசையும் நான் சொல்லுதேன்.

நீ மெல்போர்ன் போறதுக்கு முன்னால, திரையில இருக்கத வாசிச்சுச் சொல்லுத சாப்ட்வேரை அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தியே, அதுக்குப் பெறகுதான் அப்பா மனுஷனா எந்திரிச்சாங்க. கண்ணு போயி தாலுகா ஆபீஸ் வேலையையும் விட்டுட்டுக் கட்டில்ல சுவர்ப் பக்கமாத் திரும்பிக் கிடந்தவங்க, பென்சன் மனு, பட்டா மனுன்னு ஊர்ச் சனத்துக்கெல்லாம் எழுதிக் குடுக்க ஆரம்பிச்சது உனக்குத் தெரியும். மனு எழுத வந்தவுக ஆதார், பாஸ்புக் எல்லாத்தையும் படம் எடுத்து அந்தக் கம்ப்யூட்டர்லதான் வச்சிருந்தாங்க. விண்டோஸ் பத்துக்கு இனிமே பாதுகாப்பு வராது, பதினொண்ணுக்கு மாத்தணும், இல்லைன்னா லினக்ஸ் போடணும்னு நீ சொல்லிட்டே இருந்த. நம்ம பழைய பெட்டியில பதினொண்ணு ஏறாதுன்னும் சொன்ன. அப்பாவும் மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க.

போன மாசம் ஒரு நாள் மத்தியானம், நான் அடுப்படியில மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னால இருந்தாங்க. எப்பவும் முதல்ல விசைப்பலகை தடதடன்னு கேக்கும், பெறகுதான் அந்தக் குரல் பேசும், அது எனக்குப் பழகிப் போன சத்தம். அன்னைக்குத் தடதட சத்தமே இல்ல, குரல் மட்டும் நிக்காம பேசுது. சரி, பேப்பர் எதுவும் வாசிக்க விட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன். கொஞ்சம் பொறுத்து அப்பா என்னைக் கூப்பிட்டாங்க. சத்தமாக் கூட கூப்பிடலை பிளஸ்ஸி, ஜெயா, இங்கன வான்னு மூச்சுக்குள்ள கூப்பிட்டாங்க. ஓடிப் போய்ப் பார்த்தா ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, சட்டையெல்லாம் வேர்வை. நான் எதையுமே தொடலை, அது பாட்டுக்குத் திறக்குதுன்னு சொல்லுதாங்க. திரையில அம்புக்குறி தானா நடக்குது. அந்தக் குரல், வள்ளித்தாய் ஆதார், வள்ளித்தாய் பாஸ்புக், தேர்வு செய்யப்பட்டதுன்னு ஒவ்வொண்ணா வாசிக்குது. யாரோ நம்ம வீட்டுக்குள்ள நின்னு அலமாரியைக் குடையுறதை அப்பா காதால கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் சுவத்துல இருந்து பிளக்கைப் புடுங்கினேன். அது அணையலைடி. யுபிஎஸ் கீய் கீய்னு கத்துது, அதுக்கு நடுவுல குரல் பேசிக்கிட்டே இருக்கு. எனக்கு உயிரே போச்சு. அப்பாதான், நெட் வயரைப் புடுங்குன்னு கத்தினாங்க. மீன் கையோட இழுத்ததுல மோடமே கீழ விழுந்துட்டு. அதுக்கப்புறம்தான் குரல் நின்னுச்சு.

பெறகுதான் நடந்ததைச் சொன்னாங்க. உங்க சிஸ்டம் காலாவதி ஆயிட்டு, உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கன்னு திரையில எச்சரிக்கை வந்திருக்கு, குரலும் அதை வாசிச்சிருக்கு. நீ சொன்னதையேதான அதுவும் சொல்லுது, அதனால அப்பாவுக்குச் சந்தேகமே வரலை. கூப்பிட்டா நல்ல தமிழ்ல அய்யா அய்யான்னு ஒருத்தன் பேசியிருக்கான். புது சிஸ்டத்தை இங்கன இருந்தே ஏத்தித் தாரேன், நான் சொல்லுத ஒரே ஒரு சாப்ட்வேரை மட்டும் போட்டுக்கிடுங்கன்னு சொல்லியிருக்கான். அப்பாவும் போட்டிருக்காங்க, அது வழியாத்தான் அவன் உள்ள புகுந்திருக்கான். உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம், எல்லாத்தையும் மாத்தி முடிச்சுட்டு உன்கிட்ட பெருமையாச் சொல்லலாம்னு இருந்தாங்களாம்.

அன்னைக்கே போலீசுல எழுதிக் குடுத்தோம். அடுத்து அப்பா செஞ்சதை என்னால செஞ்சிருக்க முடியாது. பேப்பர் குடுத்தவுக எல்லாருக்கும் போன் போட்டு, உங்க ஆதாரை நான் திருட்டுக் குடுத்துட்டேன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்க. பேசாம இருந்தா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நான் சொன்னேன், என் புத்தி அப்படிப் போச்சு. தெரியாம இருந்தாத்தான் அவங்களுக்குக் கேடு, தெரிஞ்சாத்தானே ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு சொல்லிட்டாங்க. மேலநீலிதநல்லூர் வள்ளித்தாய் மறுநாள் முதல் பஸ்லேயே வந்துட்டா. அண்ணாச்சி, என் பேருல எவனும் கடன் வாங்கிருவானா, வெள்ளாமைக் காட்டை எழுதி வாங்கிருவானான்னு கேட்டு அழுதா. அப்பா அப்பவே சட்டையை எடுத்து மாட்டினாங்க. மூணு பேருமா பேங்குக்குப் போய்ச் சொல்லிட்டு, வேற எவனும் உபயோகிக்க முடியாதபடி அவ ஆதார்ல கைரேகையையும் பூட்டி வச்சுட்டு வந்தோம். பஸ் ஏறையில அப்பா கையைப் புடிச்சு, நீங்க சொன்னதே போதும் அண்ணாச்சின்னா. ஆனா ஜவுளிக்கடை முகம்மது அர்ஷத் அப்படி இல்ல. அவன் பொண்டாட்டி முபஷ்ஷிராவுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை வேணும்னு மனு எழுத வந்தவன். வாசல்ல நின்னு, கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட குடுத்தது என் தப்புன்னு தெருவே கேக்கச் சொல்லிட்டுப் போனான். அதுல இருந்து கொஞ்ச நாள் அப்பா கம்ப்யூட்டர் இருக்க பக்கமே போகலை. போன் மணி அடிச்சாலே தூக்கிப் போடுது, பேப்பர் குடுத்தவுக யார் பேருலயாவது ஏதும் நடந்துட்டோன்னு.

பெறகு ராஜபாளையம் ரோட்டுல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க கோமதிசங்கர் தம்பியை நான்தான் கூட்டிட்டு வந்தேன். அந்தத் தம்பி பொறுமையா எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தம் பண்ணிட்டு, கடையில இருக்க புதுப் பெட்டியையும் தூக்கிட்டு வந்து, ரெண்டையும் கேட்டுப் பாருங்க சார்னு பக்கத்துல பக்கத்துல வச்சான். புதுசுல விண்டோஸ் பதினொண்ணு, பழசுல லினக்ஸ். எனக்குப் பதினொண்ணு பார்க்க அழகா இருந்துச்சு, கண்ணாடி மாதிரி மினுங்குது, பட்டனெல்லாம் நடுவுல வந்து உக்காந்திருக்கு. அப்பாவுக்கு அழகு எதுக்கு? பழைய குரலே அதுலயும் பேசுது, விரலுக்குப் பழகின விசையெல்லாம் அப்படியே இருக்கு, ஆனா மவுஸோட வலது பட்டன் மெனுவுல முன்ன இருந்த சிலது ரெண்டாவது கதவு மாதிரி இன்னொரு மெனுவுக்குள்ள போயிட்டுன்னாங்க. லினக்ஸ்ல குரல் வேற, கொஞ்சம் கரகரன்னு இருக்கு, விசையும் சிலது வேற, ஆனா பழைய பெட்டியிலேயே சுறுசுறுப்பா ஓடுது. இனிமே வரப்போற சிஸ்டத்துல வாயால சொன்னாலே போதும், கம்ப்யூட்டரே திறந்து எழுதி அனுப்பிரும், உங்களுக்கு அதுதான் சார் வசதின்னு தம்பி ஆசையாத்தான் சொன்னான். அப்பா முகம் செத்துப் போச்சு. அது தானாச் செய்யுதா, இல்ல எவனும் உள்ள புகுந்து செய்யுதானான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும், ரெண்டும் என் காதுக்கு ஒரே சத்தம்தானேன்னு கேட்டாங்க. நான் எது பத்திரம்னு கேட்டதுக்கு, எதைப் போட்டாலும் நாமளே கதவைத் திறந்து விட்டா ஒண்ணும் செய்ய முடியாது அம்மான்னுட்டான். அதைக் கேட்டு எனக்குப் பயம் கூடத்தான் செஞ்சது.

கடைசியில லினக்ஸ்தான் போட்டிருக்கு. நெட் வயர் கிடையாது, மனுவை அடிச்சுப் பேப்பர்ல எடுக்கிறதோட சரி, யாரோட ஆதாரும் உள்ள வைக்கிறதில்ல. புது விசையெல்லாம் அப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படிக்காங்க. நான் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுத் திரையைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். குரல் ஒவ்வொரு தடவை பேசும்போதும், சரியா ஜெயான்னு கேக்காங்க, சரின்னு சொன்னாத்தான் அடுத்த எழுத்து. அர்ஷத் வீட்டு மனுவைச் சொல்லாமலே அடிச்சு முடிச்சு வச்சிருக்காங்க, அவன் இன்னும் வரலை. வருவானா, அவன் பேருல எதுவும் நடந்திருக்குமான்னு தெரியலை. தூக்கம் ரெண்டு பேருக்குமே சரியா இல்ல.

ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கிடாத. முந்தாநாள் நீ பேசும்போது, மோடத்தை மாட்டச் சொல்லுங்க, அங்கன இருந்தே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து எல்லாத்தையும் ஒரு தடவை சரி பார்த்துருதேன்னு சொன்ன பாரு, அப்பா சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டுப் போனை வச்சாங்க. வச்ச பெறகு எந்திரிச்சுப் போய், நெட் வயர் கழண்டுதான் இருக்கான்னு தடவிப் பார்த்தாங்க. பிள்ளைகிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்லன்னு என்னைக் கேட்டாங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயா இருந்தாலும் வேண்டாம் மக்கா. அந்த அம்பு நகர்ந்தா அது நீதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? லீவு கிடைக்கும்போது நேர்ல வா. வந்து அவங்க கையைப் புடி, அது நீதான்னு தெரிஞ்சுக்கிடுவாங்க.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போடாம வேலைக்குப் போகாத. தெரியாத எண்ணுல இருந்து எவன் எவ்வளவு நல்லாப் பேசினாலும் போனை எடுக்காத. கர்த்தர் உங்க ரெண்டு பேர் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடிதம் கிடைச்சதும், கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லு, மத்ததைப் போன்ல பேச வேண்டாம்.

உன் அம்மா,
ஜெயபாய் சாம்ராஜ்