ஊற்றில் கலந்த களிம்பு

அன்புள்ள லிஜிக்கு,

உன் இருமல் குறைந்ததா? நான் நலம். கோவை ஆய்வகத்தின் வெள்ளிக்கிழமை அறிக்கைப்படி, கேத்திக்கு மேலே, வீடோ தோட்டமோ இல்லாத சோலை ஊற்றில் நான் எடுத்தனுப்பிய நீரில் வலி மருந்து இருக்கிறது. பயப்படாதே, அது என் முழங்காலிலிருந்து போனது.

ஆய்வகத்துக் கனிஷ்கா போனில் கேட்டார்: “ஏனுங்க பெனிஸ் சார், முட்டிக்கு ஏதாச்சும் தடவுறீங்களா?”

“வீட்டுல குடுத்துவிட்ட களிம்பும்மா.”

“அதைத்தானுங்க மெசின் காட்டுது. நல்ல மருந்துன்னு அக்காகிட்டச் சொல்லீருங்க.”

கையைக் கழுவிவிட்டுத்தான் பாட்டிலில் நீர் பிடித்தேன், லிஜி. விரலில் ஒட்டியிருந்த, கண்ணுக்கே தெரியாத அந்த மிச்சத்தை ஓர் இயந்திரம் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அப்படியானால் ஊரே விழுங்கும் மாத்திரைகள் உடம்பைக் கடந்து எவ்வளவு தூரம் போகின்றன?

இந்த ஊற்று ஓடையாகிக் கீழே போய், ஒரு மருத்துவமனைக் கழிவுநீர் சேரும் இடத்திலும் இதே மருந்து இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கேரட் கழுவுகிறார்கள். ஊற்று சுத்தம் என்று உறுதியானால்தான் மருத்துவமனையைக் கேள்வி கேட்க முடியும். நாளை களிம்பு தடவாமல், கையுறை போட்டு, இரண்டு இடத்திலும் மறுபடி நீர் எடுக்கிறேன்.

முட்டிக்குக் கம்பளியில் ஓர் உறை தைத்து அனுப்பு. உன் கையெழுத்தில் நாலு வரி உள்ளே வை. போனில் பேசுவது வைத்ததும் தீர்ந்துபோகிறது.

ஜீப் வந்துவிட்டது. முடிவு அடுத்த வியாழக்கிழமை வரும். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்கு எங்கள் அலுவலகத்தின் நோட்டீஸ், அதற்கும் பிறகுதான் என் லீவு.

உன்
பெனிஸ்