பஸ்ஸில் வந்த கெர்னல் ஹெடர்

17 நவம்பர் 2025, திங்கள்

சனிக்கிழமை விழுந்த இடியில் எங்கள் மலை ஆஸ்பத்திரிக் கணினியில், கூரை ஆன்டெனா வழியாகச் சிக்னல் பிடிக்கும் இணைய டாங்கிள் கருகிப்போனது. இன்று புதியது வந்தது. செருகினேன், அசைவே இல்லை. இந்த லினக்ஸில் அதை இயக்கும் டிரைவர் நிரலை நாமே கம்பைல் செய்து உருவாக்கிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு லினக்ஸின் மையமான கெர்னலுக்கு உரிய ஹெடர் என்ற கோப்புப் பொதி வேண்டும். பொதியை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டாங்கிள் வேண்டும். நல்ல கதை!

மருந்துக் கிடங்கு பார்க்க வந்தவன் நான். கணினி படித்திருக்கிறேன் என்று ஒருநாள் வாயை விட்டதன் பலன்.

18, செவ்வாய்

சுகுணா வந்திருந்தாள். இதே மலையில் ஆலத்தூர் நாட்டுப் பெண், எட்டாம் மாதம். முந்தைய ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது, ரத்தப்போக்கு வருமோ என்று பயம். வெள்ளிக்கிழமை மைதிலி டாக்டர் இங்கே ஸ்கேன் எடுக்கும்போதே சேலத்துப் பெரிய டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. வீடியோ இல்லையென்றால் அவள் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போயாக வேண்டும்.

"கம்ப்யூட்டர் பொட்டி சரியாயிருமுங்களா சார்?"

"ஆயிரும்மா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

போனுக்கு ரோட்டு வளைவில்தான் சிக்னல், அதுவும் பேச மட்டும். மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் கணினிக் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டு, ஹெடரைப் பென் டிரைவில் ஏற்றி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். இங்கே மாத்திரை, பூ, தைத்த ஜாக்கெட் எல்லாமே கண்டக்டர் கையில்தான் மேலே வருகின்றன.

19, புதன்

வந்தது. பென் டிரைவிலிருந்து நிறுவினேன். கம்பைல் ஆகவில்லை. மறுபடியும் ஆகவில்லை. ஆண்டவரே.

20, வியாழன்

சே! கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் 6.8.0-45. வந்த ஹெடர் 6.8.0-88. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் கம்பைல் ஆகும். நான்தான் நவநீதனிடம், "இருக்கிறதிலேயே புதுசா பார்த்து அனுப்புங்க" என்று சொன்னேன். காலாவதித் தேதி பார்த்துப் பார்த்தே ஊறிய கிடங்குப் புத்தி!

வளைவுக்கு ஓடினேன்.

"ஏனுங்க சூசை சார், அந்த நம்பரை நீங்க சொல்லவே இல்லீங்களே" என்று சிரித்தார் அவர். இந்த முறை எண்ணைச் சொன்னேன், திருப்பிச் சொல்ல வைத்தேன். "சாயந்தர பஸ்ஸுல வந்துருமுங்க."

மூடுபனியில் பஸ் தாமதம். ஸ்டாப்பிலேயே நின்றேன். சுகுணாவுக்கு என்ன பதில் சொல்வேன்? நாளைக்கு அவளை எந்த வண்டியில் ஏற்றுவது? ஒருவழியாக வந்தது. கம்பைல் முடிந்து, டாங்கிளில் பச்சை விளக்கு — கத்தியே விட்டேன். மைதிலி டாக்டர் பதறி ஓடி வந்தார்.

21, வெள்ளி

வீடியோ ஒருமுறைகூட நிற்கவில்லை. பெரிய டாக்டர் உற்றுப் பார்த்தார். நஞ்சுக்கொடி நன்றாக மேலே ஏறிவிட்டதாம்.

"அப்ப நான் கீழ எறங்க வேண்டியதில்லீங்களா?"

"வேண்டாம் கண்ணு. அங்கேயே பெத்துக்கலாம்."

சுகுணா அழுதாள். நான் ஒயரைச் சுற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

9 ஜனவரி 2026, வெள்ளி

காலையில் சுகுணாவுக்குப் பெண் குழந்தை. இங்கேயே, மலை மேலேயே. இருவரும் நலம்.

பக்கத்து அறையில் குழந்தை அழுகிறது. புதுக் கெர்னல் வந்திருக்கிறது, மாற்றட்டுமா என்று கணினி கேட்கிறது. வேண்டாம் சாமி, நீ இருக்கிறபடியே இரு.