மேசையில் செதுக்கியிருந்த எண்

உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? புத்தளத்தில் மழை பெய்ததா? நான் சுகம்.

சனி, ஞாயிறு சண்டிலிப்பாயில், என்னோடு படிப்பிக்கும் சுபாஜினி ரீச்சர் வீட்டில் நின்றேன். கனடாவிலிருந்து அவருடைய மாமா வந்திருக்கிறார். கோயில் திருவிழாக் காலம், மரக்கறிச் சாப்பாடுதான், பயப்படாதீர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் பழைய கதவுகளை வாங்கி மேசை செய்வது மாமாவின் பொழுதுபோக்கு. நாங்கள் சாப்பிட்ட மேசையில் 786 என்று செதுக்கியிருந்தது.

"உது ஆரின்ரையோ வீட்டு நம்பர்" என்றார் மாமா.

பிஸ்மிக்காக நாங்கள் வாசற்கதவில் வெட்டும் எண் என்று நான் சொல்லவில்லை. வாழையிலையை அதன்மேல் போடாமல் தள்ளிப் போட்டேன்.

"ஏன் பிள்ளை தள்ளி இருக்கிறியள்? நீங்களும் எங்கடை ஆள்தானே!" என்றார் மாமா.

எங்கடை ஆளாம். சிரித்துவைத்தேன்.

பெல் அடிக்கிறது, வகுப்புக்குப் போகவேண்டும். தொண்ணூறில் புலிகள் உங்களை யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தியபோது பூட்டிவிட்டு வந்த வீட்டின் கதவு என்ன மரம் என்று வாப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். இந்த மேசை வேம்பு.

மகள் நிலூபா