கல்யாணத்துக்கு முன் இருமிய கார்

17.11.86 திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கார் சரியில்லை.

புக்கிட் ரோத்தானில் காய்கறி வாங்கித் திரும்பும்போது மீன்கடை வாசலில் நின்றுவிட்டது. ஊரே வேடிக்கை. கிளம்பும்போது ஒழுங்கு. சூடேறியதும் உதறல், பின்னால் கறுப்புப் புகை. என் வீட்டுக்காரர் இறங்கி, மாட்டைத் தட்டுவது போல பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல புள்ள. சளி புடிச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பேத்தி சாந்திக்குக் கல்யாணம், கெர்லிங் கோயிலில். தாத்தா காரில்தான் போவேன் என்று பாவாடை கட்டிய வயதிலேயே அவரிடம் சத்தியம் வாங்கியவள்.

சாயங்காலம் மகன் செல்வம், சாந்தியின் அப்பா, ரவாங்கிலிருந்து வந்தான். "அப்பா, சனிக்கெழமைக்குள்ள சரியாகலன்னா டாக்சி. கல்யாணம் முடிஞ்சதும் இத லோரியில ஏத்திப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிடலாம் லா."

ராத்திரி அவர் தட்டில் சோறு பாதி மிச்சம்.

18.11.86 செவ்வாய்

தூறல். மணியைக் கூப்பிட்டோம். நாத்தனார் பாக்கியத்தின் மகன், மெக்கானிக். போன வருஷத் தீபாவளிக்கு முன்னால் கடைசியாக இந்த எஞ்சினில் கை வைத்தவன் அவன்தான். எனக்கு அவன் மேல்தான் சந்தேகம். அம்மாவைப் போலத்தானே பிள்ளை. சாந்தி பிறந்த அன்று "பொட்டையா" என்று உதட்டைப் பிதுக்கியவள் பாக்கியம். அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலை, மஞ்சள் கரை. மறப்பேனா.

பிளக்குகளைக் கழற்றினான். எல்லாம் அடுப்புக்கரி. புதிது போட்டான். ரோட்டு முனை வரை ஜோராக ஓடியது. திரும்பும்போது மறுபடி இருமல்.

"அத்தே, வண்டிக்கு வயசாயிருச்சு."

"எனக்குந்தான் ஆயிருச்சு. என்னையும் இரும்புக் கடைக்கு அனுப்புவியா?"

வாங்க வேண்டியது: வெற்றிலை, குங்குமம், கல்கண்டு, பெட்ரோல்.

19.11.86 புதன்

வெயில். துணி காய்ந்தது.

பெட்ரோலில் மழைத் தண்ணீர் கலந்திருக்கும் என்று அவர் டாங்கியை வடித்தார். கலக்கவில்லை. தீப்பொறி தரும் பாயின்ட்டைத் தேய்த்தார். அதுவுமில்லை. தோட்டத்து ஃபேக்டரியில் பெரிய எஞ்சினை ஓட்டிய மனிதர். இந்தச் சின்னது பிடிகொடுக்கவில்லை. கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்தார். திட்ட மனம் வரவில்லை.

சாந்தி வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்சின்னா நான் கல்யாணத்துக்கே வரல தாத்தா."

"நீ வராம யாருக்குடி தாலி? உங்க பாட்டிக்கா?"

இன்றுதான் சிரித்தார்.

20.11.86 வியாழன்

மேகமூட்டம். நின்று நின்று செகிஞ்சான் போனோம், ஆ லியோங் பட்டறைக்கு. சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம். தோட்டத்தில் எங்கள் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழ் வரும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்தார்.

"அம்மா, காத்து இழுக்கிற வாய்ல ஒரு வட்ட டப்பா இருக்கணும். தூசி வடிகட்ட. எங்க?"

உள்ளே, ஏறி இறங்க வேண்டிய சின்னப் பிஸ்டன் ஏறிய இடத்திலேயே ஒட்டிக்கிடந்தது. கோந்து மாதிரி ஒரு பிசின். "எண்ணெயும் இல்ல, கரியும் இல்ல. என்ன லா இது?"

மூடியை வாங்கி மோந்து பார்த்தேன். சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுத் தூபம் காட்டுவார். ஃபேக்டரிப் பழக்கம். அங்கே ஆயுத பூசைக்கு ஓடுகிற எஞ்சினுக்குத்தான் காட்டுவார்கள். நின்றால் பிணம் என்பார். அது வீட்டளவு எஞ்சின். இது பாவம், டப்பாவும் இல்லாமல் அத்தனை புகையையும் மூக்கால் இழுத்திருக்கிறது.

"என்னமோ தெரியல தவுக்கே. கழுவி விடுங்க" என்று மூடியைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் என் பின்னால்தான் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கழுவியதும் பிஸ்டன் டொக்கென்று இறங்கியது. எஞ்சின் பூனை மாதிரி. டப்பா போடாவிட்டால் தூசி ஏறித் திரும்பக் கெடும் என்றார் ஆ லியோங்.

டப்பா எங்கே என்று எனக்குத் தெரியும். "புதுசு மாத்தித் தரேன் அத்தே" என்று மணி கழற்றிப் போனது. பொங்கலுக்குப் பாக்கியம் வீட்டுக் கொல்லையில் பார்த்த கறுப்பு வட்டத் தகரம். நேரே அங்கேதான் போனோம்.

"பாக்கியம், அந்தக் கறிவேப்பிலையக் குடு."

"எதுக்கு அண்ணி? கன்னு இப்பத்தான் வேர் புடிச்சிருக்கு."

மணி எட்டி, கன்று நட்டிருந்த டப்பாவைப் பார்த்தான். முகம் செத்துப்போனது. "ஐயோ அத்தே, மறந்தே போச்சு!"

"எனக்கு மறக்கல."

21.11.86 வெள்ளி

மழை இல்லை. மணி காலையிலேயே டப்பாவைக் கழுவி, புது வடிகட்டி வைத்து மாட்டிவிட்டான். கூலி வாங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். அவர் குளித்து, தூபக்காலோடு வந்தார். எஞ்சினை ஓடவிட்டார். உங்கள் பக்தியால்தான் காருக்கு மூச்சடைத்தது என்று சொன்னால், மனிதர் தூபக்காலை இனி தொடமாட்டார்.

"இந்தாங்க, சாந்தி கைக்குழந்தையா இருக்கச்சே குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டது நீங்கதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஓடவிட்டா போட்டீங்க? மடியில படுக்க வச்சுத்தானே. இதுவும் நாளன்னைக்குக் கல்யாணத்துக்குப் போற புள்ள. தூங்கவிட்டுப் போடுங்க."

எஞ்சினை நிறுத்தினார். பானெட்டை மூடினார். பின்சக்கரத்துக்குப் போய்த் தூபம் காட்டினார். காரின் மூக்குப் பக்கம் வரவேயில்லை.

பட்டறையில் நின்ற அவருக்கும் மோப்பம் உண்டே.

23.11.86 ஞாயிறு

நல்ல வெயில். கெர்லிங் வரை ஒரு இருமல் இல்லை. அவர் வேட்டியில் கிரீஸ் இல்லை. சாந்தி வழியெல்லாம் ஜன்னலில் கை வைத்திருந்தாள், மருதாணி தெரிய வேண்டுமாம். முன் சீட்டில் பாக்கியம் ஏறிக்கொண்டாள். குறித்துக்கொண்டேன்.

தாலி கட்டியதும் செல்வம் அப்பா பக்கத்தில் வந்து நின்றான். "இரும்புக் கடைக்காரன வர வேணாம்னு சொல்லிட்டேன்." அவர் மூக்கைச் சிந்தினார். சளி என்றார்.

பந்தியில் மணி இலைக்கு லட்டு நானே வைத்தேன்.

கறிவேப்பிலைக் கன்று இப்போது என் கொல்லையில், பால் டின்னில். பாக்கியம் இன்னும் கேட்கவில்லை. கேட்கட்டும். பச்சைச் சேலை, மஞ்சள் கரை.