காற்றுச் சீர்

செவ்வாய்க் குடியிருப்பு, மருத்துவ அறைப் பதிவு. எழுதுபவர்: உமையாள், இங்குள்ள ஒரே மருத்துவர்.

நாள் 612, 09:10
தூசி வடிகட்டி மாற்றியாயிற்று. கிருமிநீக்கி ஒழுங்காக ஓடுகிறது. செலினுக்கு அறுவை செய்து பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு கிராம். அப்பா சவரிமுத்து காற்று ஆலையை இயக்குபவர். ஆலையை விட்டு நகர முடியாததால் மகளின் அழுகையை உள்பேசியில்தான் கேட்டார்.

"நல்லா கத்துதா பாத்தியளா அக்கா? என் தொண்டை அப்படியே!"

நாற்பத்தொரு பேர் இருந்த இடத்தில் இனி நாற்பத்திரண்டு. வேறு விசேஷமில்லை.

நாள் 613, 15:40
பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். மூச்சு வாங்குகிறது. உடம்பு சாம்பல் பூத்திருக்கிறது. தொடையில் நாடி தேடித்தான் அகப்பட்டது. ஸ்கேன் செய்தேன். இதயத்தின் இடப்பக்கம் வளரவே இல்லை. பட்டாணி அளவுக்கு ஒரு மடிப்பு, அவ்வளவுதான். நான் எலும்பு மருத்துவம் படித்தவள். இந்த நோயைப் பற்றி என்றோ ஒரு பத்தி படித்தேன், அதிலும் பாதி மறந்துபோயிற்று. படங்களைப் பூமிக்கு அனுப்பியிருக்கிறேன். புழுதிப்புயலில் ஆன்டெனா மக்கர் செய்கிறது. எப்போது போய்ச் சேருமோ.

நாள் 614, 08:00
இங்கே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தால் ஒவ்வொரு வீடும் தன் பிராணவாயுப் பங்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பிள்ளைக்கு அனுப்பும். காற்றுச் சீர் என்று பெயர். ஒரு மணி நேரம், சும்மா ஒப்புக்கு. இம்முறை யாரும் நிறுத்தவில்லை. நடைபாதையில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தலைவலி என்று ஒருவர்கூட என்னிடம் வரவில்லை. வந்தால் நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

பிள்ளைக்குப் பிராணவாயு வரும் வால்வை முழுதாகத் திறந்தேன். பத்தே நிமிடத்தில் உதடு சிவந்தது. அழுதுவிட்டேன். உள்பேசியில் சவரிமுத்துவிடம் சொன்னேன்.

"செவந்துட்டாளா? எவ்வளவு வேணுமோ எடுத்துக்கிடுங்க அக்கா. நாங்க மெதுவா மூச்சு விட்டுக்கிடுதோம்."

நாள் 615, 11:25
பூமியிலிருந்து பதில் வந்துவிட்டது. மதுரையில் குழந்தைகளின் இதயம் பார்க்கும் மருத்துவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டர், ஆக்சிஜன் குடுத்துட்டு இருந்தா உடனே நிறுத்துங்க. கருவுல இருக்கறப்ப இதயத்துக்கு மேல ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கும். இந்தக் குழந்தைக்கு உடம்பு முழுக்க ரத்தம் போறது அது வழியாத்தான். பிறந்து சில நாள்ல அது தானா மூடும். ஆக்சிஜன் கூடினா இன்னும் சீக்கிரமா மூடிக்கும். திறந்து வைக்க புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு மருந்து இருக்கு. அதை ஏத்தினா ஆபரேஷன் வரைக்கும் தாங்க வாய்ப்பிருக்கு."

பெரிய அறுவைகளுக்கான கருவிகளும் மருத்துவரும் ஏறிய கப்பல் ஐந்து வாரத்தில் வருகிறது. மருந்து எங்கள் பெட்டியில் இல்லை. பட்டியல் போட்ட மகாராசர்கள் இங்கே இப்படியொரு பிள்ளை பிறக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேதிக்கூடத்தில் பெனசீர் தயாரிக்கத் தொடங்கிவிட்டாள். ஆறு நாள் வேண்டுமாம்.

வால்வை மூடினேன். இருபத்தேழு மணி நேரம் திறந்திருந்தது.

11:50
மறுபடி ஸ்கேன். குழாய் நூலளவுக்குச் சுருங்கிவிட்டது. முந்தாநாள் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் தாராளமாகத் திறந்திருக்கிறது. என் கண் முன்னால்தான் இருந்தது, எனக்கு அது என்னவென்று தெரியவில்லை.

12:15
"அக்கா, உங்க அறை காத்து இழுக்கவே மாட்டேங்குதே. வால்வு எதுவும் சிக்கிக்கிட்டோ?"

பார்க்கிறேன் என்றேன். பொய் சொன்னேன்.

நாள் 616, 10:05
நேற்றிலிருந்து சிறுநீர் இல்லை. கால் இரண்டும் சில்லிட்டுவிட்டன. குழந்தையைச் செலினின் மார்பில் படுக்க வைத்தேன். வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கிறாள். கை மட்டும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

13:20
நின்றுவிட்டது. செலினுக்குத் தெரியாது. இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

13:31
இதைக் கண்டெடுப்பவருக்கு. பிறந்த குழந்தை சாம்பல் பூத்தால் முதலில் தொடையில் நாடி பாருங்கள். இதயத்தைப் படமெடுத்து, மேலே அந்தக் குழாயைத் தேடுங்கள். அதற்கு முன் பிராணவாயுவைத் திறக்காதீர்கள். நான் அவசரப்பட்டேன். எல்லோரும் கொடுத்தார்களே என்று திறந்தேன்.

13:34
"அக்கா, வால்வு சரியாயிட்டா? எல்லா வீட்லயும் இன்னும் கொஞ்சம் கொறைச்சாச்சு. என் பங்கு முழுசும் அங்கதான் வருது. எனக்கு லேசாக் கிறுகிறுங்குது, பரவால்ல. போதுமா, இன்னும் கூட்டட்டுமா?"

13:36
மறுபடி கூப்பிடுகிறார். நிறுத்துங்கள் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால், சவரிமுத்து, நீங்கள் அனுப்பிய காற்றுத்தான்