மூன்றாம் பக்கத்துச் சொத்து விவரம்

மரியே வாழ்க

திண்டுக்கல்
12.3.2006, ஞாயிறு

அன்பு மகன் டோனிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் ஏஞ்சலினும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் செபம். ஏஞ்சலினுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி படுக்க வேண்டாம் என்று சொல். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாளாகிறது, இந்த வயசில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை நீ பேசும்போது பாதியில் போன் நின்றதே, அது லைன் கட்டானதால் அல்ல. நான்தான் வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் சித்தப்பா ஸ்தனிஸ்லாஸ், கிணற்றுக்காட்டு மோட்டார் சர்வீஸை உன் அம்மாவழித் தாத்தா பேரிலிருந்து டெய்சி சித்தி பேருக்கு மாற்றுவதற்காக, நாம் போன மாதம் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காடு உங்க வீட்டம்மாவுக்கு இல்லையே சார், ராயப்பராஜுக்கும் அவர் மகனுக்கும்ல எழுதியிருக்கு என்றாராம். மனுஷன் வடமதுரை வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டார். உள்ள வாங்க சகல என்றேன். வாரதுக்கு ஒண்ணுமில்ல, மொதல்ல இதப் படிங்க என்று வாசலில் நின்றபடியே நீட்டினார். படித்தேன். பொய் சொல்ல மாட்டேன் டோனி, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கிணறு நமக்கா வந்திருக்கிறது என்று என் மனசும் குறுகுறுத்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

தப்பு எப்படி நடந்தது என்று சொல்கிறேன் கேள். கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்தபோது கம்ப்யூட்டரில் நம்பர் போடும் பட்டனையும் புள்ளி போடும் பட்டனையும் சொல்லிக்கொடுத்தாய் அல்லவா. அதிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி. மளிகைச் சீட்டுக்குக்கூடக் கறுப்புப் புள்ளி வைத்து, உளுந்துக்கு அம்புக்குறி போட்டுப் பிரிண்ட் எடுத்துப் போனேன், கடைக்கார ராமர், என்ன சார் கல்யாணப் பத்திரிகையா என்று சிரித்தார். அந்தப் பெருமையில்தான் பத்திரத்தையும் நானே அடிக்கிறேன் என்று பத்திர எழுத்தர் முகமது பாரூக்கிடம் சொல்லிவிட்டேன். சொத்து விவரத்தில் நாலு வரி. முதலில் ஓடைக்காடு, இரண்டாவது கிணற்றுக்காடு, மூன்றாவது நான் குடியிருக்கிற இந்த டவுன் வீடு, நாலாவது எரியோட்டுப் பக்கம் ஆடுகூட மேயாத கல்லுக்குழி. மேலே பத்தியில், ஒன்றும் இரண்டும் டெய்சிக்கு, மூன்றும் நாலும் உன் அம்மா பங்காக எனக்கும் உனக்கும் என்று அடித்தேன். பேசினபடியே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடித்து முடித்த அன்றைக்கே எனக்குக் கை அரித்தது. சர்வே நம்பர் சின்னதிலிருந்து பெரிதாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று கல்லுக்குழியை வெட்டி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. கல்லுக்குழி ஒன்றாகிவிட்டது, மற்றது எல்லாம் ஒவ்வொரு நம்பர் கீழே இறங்கிவிட்டது. பத்தியில் நான் கையால் அடித்த நம்பர்கள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. ஆகக்கூடி டெய்சிக்குக் கல்லுக்குழியும் ஓடைக்காடும், நமக்குக் கிணற்றுக்காடும் வீடும். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் டைப் அடித்தவன், ஒரு தாளைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பேர் வாங்கியதில்லை. பதிவு அன்றைக்கு, படிச்சுப் பாரும்மா என்று பாரூக் உன் சித்தியிடம் பத்திரத்தை நீட்டினார். அத்தான் அடிச்சதுல படிக்க என்ன இருக்கு என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த வார்த்தைதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

புதன்கிழமை இரண்டு பேரையும் வரச்சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு வரியை மேலே ஏற்றினால் நம்பர் எப்படித் தானாக மாறுகிறது என்று மூன்று தடவை செய்து காட்டினேன். டெய்சி கண் எடுக்காமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, நம்பரு மாறுறது தெரியுது அத்தான், ஆனா மாறுனதுல எனக்குக் கல்லும் உங்களுக்குத் தண்ணியுமா வந்துச்சே, ஒரு வாட்டியாச்சும் தப்பு எங்க பக்கம் மாறக்கூடாதா என்றாள். ஸ்தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே, கம்ப்யூட்டருக்குக்கூடக் கெணறு எங்குன இருக்குன்னு தெரியுது பாருங்க சகல என்றார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கனகாம்பரம் போட்டுப் பிழைக்கிறவர்கள் அவர்கள். பாஸ்காத் திருநாளு முடியப் பொறுப்பேன், அதுக்குள்ள திருத்தி எழுதித் தரலேன்னா வக்கீலு நோட்டீஸ்தான், மோசடின்னுதான் குடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை உன்னிடம் மூச்சு விடாமல் சொன்னேன். நீ என்ன சொன்னாய். அதான் ரிஜிஸ்டர் ஆயிருச்சுல்லப்பா, சித்தி கையெழுத்துப் போட்டுட்டாங்கல்ல, கொஞ்ச நாள் பேசாம இருங்க, அவுகளே ஆறிப்போயிருவாக என்றாய். அப்போதுதான் போனை வைத்தேன். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துச் சொன்னாயா. உன் அம்மா போனபோது உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கடைசிப் பரீட்சை முடிகிற வரைக்கும் வடமதுரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, உனக்குச் சோறும் வெஞ்சனமும் கட்டிக்கொடுத்து, பள்ளிக்கூட வாசல்வரைக்கும் வந்து நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினவள் அவள். இன்றைக்குக் காலையில் உன் அம்மாவுக்கு நினைவுப் பூசை வைத்தேன். டெய்சி வந்திருந்தாள், அக்காள் பூசையாயிற்றே, வராமல் இருப்பாளா. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். நான் கையைக் குவித்தபடி நின்றேன். என்னைத் தாண்டிப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன். பதிவுக்கு மூன்று நாள் முன்னால் பிரவுசிங் சென்டருக்குப் போய், வரிசை மாற்றிய அதே பத்திரத்தை உனக்கு ஈமெயிலில் அனுப்பினேன். சாயங்காலமே பதில் போட்டாய். எல்லாம் ஓகேப்பா, மூன்றாம் பக்கத்தில் என் இனிஷியல் மட்டும் தப்பு, அதை மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். மாற்றினேன். நேற்று அந்த மூன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் இனிஷியலுக்கு நாலு விரல் கீழேதான் சொத்து விவரம் ஆரம்பிக்கிறது. லீவில் வந்தபோது அந்தக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, ரோடு நாலு வழியாகிவிட்டால் இங்கே ஒரு பண்ணை வீடு கட்டினால் ராஜ வாழ்க்கை என்று நீ சொன்னதும் சேர்ந்து ஞாபகம் வருகிறது. சித்தி அன்றைக்கு உனக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்கிற புத்தி எனக்கு வந்ததே என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். இருந்தாலும் நினைப்பு போக மாட்டேன் என்கிறது.

பாரூக் சொல்கிறார், பிழைதிருத்தல் பத்திரத்தில் டெய்சி, நான், நீ என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுமாம். உனக்காக நான் கையெழுத்துப் போட நீ கொடுத்த பழைய பவர் அந்த ஒரு பத்திரத்தோடு முடிந்துவிட்டது, புதிதாகத் தர வேண்டும். பவர் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே நம் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு முன்னால் என் கையில் கிடைக்கிற மாதிரி கூரியரில் அனுப்பு. திருத்தல் பத்திரத்தின் நகலும் உள்ளே இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை, கையால் எழுதினேன். அதில் வரிசை நம்பர் கிடையாது, புள்ளி கிடையாது. கிணற்றுக்காடும் ஓடைக்காடும் டெய்சிக்கு, வீடும் கல்லுக்குழியும் நமக்கு, அவ்வளவுதான், எந்தக் காட்டை மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் அது மாறாது. கல்லுக்குழி வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அவளுக்கே எழுதிவிடுகிறேன், எனக்குச் சம்மதம்.

அன்றைக்கு அந்த மூன்றாம் பக்கத்தை எதுவரைக்கும் படித்தாய் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சாகிற வரைக்கும் கேட்க மாட்டேன். அனுப்பாவிட்டால் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது, எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

வெயிலில் வேலை செய்கிறபோது தலையில் ஏதாவது போட்டுக்கொள். வெள்ளிக்கிழமைப் பூசையை விடாதே. ஏஞ்சலினிடம் இந்தச் சங்கதியைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், ஆனால் சித்திக்கு அவள் ஒரு போன் போட்டுப் பேசினால் நன்றாயிருக்கும். சேசுவும் மாதாவும் உங்கள் இருவரையும் எல்லாத் தீமையிலிருந்தும் காக்கட்டும், உன் அம்மா மேலிருந்து உனக்காக மன்றாடட்டும்.

மறக்காமல் ஒன்று. நகலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பதிலில் ஓகே என்று எழுதாதே. படித்தேன் என்று எழுது.

உன் பதில் தபாலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா
ச. ராயப்பராஜ்